ஆப்பிள் மரத்தடி ஓங்காரம்

கடல் கடந்து லிவர்மோரில் இருக்கிற தன் வீட்டில் தேனீ என்ற ஜீவனுக்கு இடமே கிடையாது என்று திருமூர்த்தி மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அறிவித்தார். அறிவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவர் பேசுவதெல்லாம் அறிவிப்பு. நடப்பதெல்லாம் மனைவி வள்ளி பேசுவது.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆப்பிள் மரம் உண்டு. வசந்தம் வந்தால் கல்யாண மண்டபம் மாதிரி பூத்துக் கொட்டும். இலையுதிர்காலத்தில் போய்ப் பார்த்தால் ஒரே ஓர் ஆப்பிள் தொங்கும், அதையும் அணில் கடித்து வைத்திருக்கும். தன் மரத்து ஆப்பிளைப் பறித்து, நெய்யில் வதக்கி, பேன்கேக் சுட்டு நாலு பேருக்குப் போட வேண்டும் என்பது வள்ளியின் வெகுநாள் ஆசை. மரத்தில் குறையில்லை, பூவைத் தேடித் தேனீ வராததுதான் குறை என்று அவளுடைய தோழி சாலிஹா சொல்லியிருந்தாள். சாலிஹா பக்கத்து ஊரான டப்ளினில், சுவரோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸில் இருப்பவள். தேனீ வளர்க்கும் வகுப்பை முடித்துவிட்டு, பெட்டி வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருப்புச் சங்கம் ஒரு பூந்தொட்டி வைப்பதற்கே கூட்டம் போடும்.

"ஒரே ஒரு பெட்டிங்க. ஷெட்டுக்குப் பின்னாடி ஓரமா இருந்துட்டுப் போகுது," என்றாள் வள்ளி.

"ஒரு பெட்டின்னா எத்தனை தேனீ?"

"ஒரு இருபதாயிரம் இருக்கும்."

"இருபதாயிரம் பேரை வெச்சுக் காப்பாத்த நான் என்ன மாநகராட்சியா?"

"நீங்க காப்பாத்த வேண்டாம். அதுங்கதான் நம்மளைக் காப்பாத்துது."

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் வெண்பா ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அப்பா, நோ பீஸ், நோ ஆப்பிள்ஸ். நோ ஆல்மண்ட்ஸ். நோ பம்ப்கின்ஸ்."

"சாம்பாருக்குப் போடற மல்லிகூட தேனீ வந்தாத்தான் நல்லா விதை பிடிக்குமாம்," என்றாள் வள்ளி.

"அப்ப மிச்சம் என்னதான் இருக்கும்?"

"அரிசி இருக்கும், கோதுமை இருக்கும். வெறும் மாவைக் கரைச்சு பேன்கேக் சுட்டுத் தரேன், சாப்பிடறீங்களா?"

"ஆப்பிள் கடையில கிடைக்குது. வாங்கிக்கலாம்."

"கடையில இருக்கற ஆப்பிளைக் காய்க்க வெச்சது யாருங்க? கடைக்காரரா?"

விவாதத்தில் தோற்றால் குரலை உயர்த்துவது திருமூர்த்தியின் வழக்கம். "தேனீ கூடவே கூடாது. அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

வள்ளி யோசித்தாள். அவள் யோசித்த நேரம் அவருக்குக் கொஞ்சம் நீளமாகவே பட்டது. பிறகு, "சரிங்க," என்றாள்.

உண்மையில் அவருக்குப் பயம். தேன் பாட்டிலில் தேனீ படம் போட்டிருந்தால்கூட அதை அலமாரியில் திருப்பி வைப்பவர் அவர். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் திருமூர்த்தி ரகசியமாக இன்னொரு திட்டமும் தீட்டிக்கொண்டிருந்தார். வேலை நாட்களில் மலையேறி இறங்கி சன்னிவேல் ஆபீஸுக்குப் போய் வருவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. சனிக்கிழமை வந்தால் புல் வெட்டு, வெண்பாவைத் தமிழ் வகுப்பில் விடு, அரிசி மூட்டை தூக்கு. அவருக்கு வேண்டியதெல்லாம் சனிக்கிழமை காலையில் ஒரு தூக்கம். யாரும் எழுப்பாத, காரணம் கேட்காத, சொந்தத் தூக்கம். அதைவிடப் பெரிய ஆசை அவர் வாழ்க்கையில் அப்போது வேறெதுவும் இல்லை. ஆபீஸில் மனநலம் பற்றி யாரோ வந்து பேசியபோது அவருக்குச் சட்டென்று வழி புலப்பட்டது. தூங்குகிறவனை எழுப்புவார்கள். தியானத்தில் இருப்பவனை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

"சனிக்கிழமை காலையில நான் மெடிடேஷன் பண்ணப் போறேன்," என்றார் வள்ளியிடம். "ஆப்பிள் மரத்தடியில. வலை ஊஞ்சல் கட்டி."

"உக்காந்துதானே பண்ணுவாங்க?"

"இது அட்வான்ஸ்டு. படுத்துட்டுப் பண்றது."

"தாராளமா பண்ணுங்க. புல்லு?"

"முதல்ல மனசைச் சுத்தம் பண்ணணும் வள்ளி. புல்லு அப்புறம்."

"வேண்டாங்க, புல்லை நானே பாத்துக்கறேன். வெண்பாவையும் நானே விட்டுடறேன். ஷெட் பக்கமே நீங்க வர வேண்டாம்."

திருமூர்த்திக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படி ஒரு மனைவியைப் போய் ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஊஞ்சலில் ஏறிப் படுத்ததும் அந்த உறுத்தல் போய்விட்டது.

ஏப்ரலில் மரம் பூத்தது. அந்தக் காலைகளை என்னவென்று சொல்ல! வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்த பூக்கள் தலைக்கு மேலே. காற்று அசைந்தால் ஓர் இதழ் வந்து மூக்கில் உட்காரும். தூரத்தில் பச்சைக் குன்றுகள். வெயில் இமைக்கு வெளியே நின்று தட்டித் தட்டி, பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் இங்கேயும் இல்லை, சொந்த ஊர் உடுமலையிலும் இல்லை. ஆபீஸ் இல்லை, வீட்டுக் கடன் இல்லை, உடம்பு இருக்கிறதா என்பதே சந்தேகம். அப்படி மிதந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் அந்த ஒலி கேட்டது.

ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில், எங்கும் நிறைந்து, மேலேயும் பக்கவாட்டிலும் தன் மார்புக்குள்ளேயும் கேட்டது. திருமூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. போலியாகப் படுத்தவனுக்கும் அருள் செய்கிறதே பிரபஞ்சம் என்று கண்ணோரம் ஈரமாகிவிட்டது. அன்றுமுதல் அவருடைய தூக்கம் நிஜமாகவே பாதி தியானமாகிவிட்டது.

"வள்ளி, எனக்கு ஓங்காரம் கேக்குது," என்றார் மத்தியானச் சாப்பாட்டில்.

வள்ளி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எந்தப் பக்கத்துல இருந்துங்க?"

"அதுக்குப் பக்கமே கிடையாது. உள்ள இருந்து வரும்."

"அப்படியா. விட்டுடாதீங்க. கண்ணை மட்டும் திறந்துடாதீங்க, கலைஞ்சிடும்."

ஒருமுறை திறந்துவிட்டார். கால் கட்டைவிரலில் ஏதோ ஊர்ந்தது. பழுப்பு நிறம், சிறகு வேறு. "வள்ளி! இது என்ன?"

சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "அது ஈதாங்க."

"கோடு போட்டிருக்கே?"

"இந்த ஊர் ஈ அப்படித்தான் இருக்கும். வழியில போறது, ஒண்ணும் பண்ணாது. நீங்க கண்ணை மூடுங்க."

அவர் மூடிக்கொண்டார். வாரநாட்களில் சாலிஹா அடிக்கடி வந்து போவதாக வெண்பா ஒருநாள் உளறினாள். பெண்களுக்குள் பேச ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

செப்டம்பர் முடிவதற்குள் மரம் காய்த்த காய்ப்பில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. திருமூர்த்தி மரத்தைச் சுற்றி வந்தார். பூ பழைய பூ, மண் பழைய மண். இந்த வருஷம் புதிதாக என்ன? மரத்தடியில் அவர் படுத்தது ஒன்றுதான். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோயில் கேன்டீனில் புளியோதரை வாங்கும் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கினார். ஆபீஸிலும் விளக்கினார். கேட்டவர்களில் ஆபீஸ் நண்பர் பாலசுப்ரமணியன் மட்டும் கவனமாகத் தலையாட்டினார். ஹெட்போன்களில் இரைச்சல் சோதிப்பது அவர் வேலை. ஒலி என்றால் அவருக்கு விளையாட்டில்லை. "நான் வந்து கேக்கலாமா?" என்றார்.

"வாங்க. அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை பேன்கேக் பார்ட்டி. அப்படியே ஓங்காரமும் கேட்டுடலாம்."

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. குன்றுகள் காய்ந்து பொன்னாகியிருந்தன. மரத்து நிழல் மஞ்சளும் பச்சையுமாகப் புல்லில் ஆடியது. சாலிஹாவும் அவள் கணவர் பாரூக்கும் டப்ளினிலிருந்து வந்திருந்தார்கள். வள்ளி தோட்டத்துக்கே அடுப்பைக் கொண்டுவந்து தோசைக்கல்லைப் போட்டாள். ஆப்பிள் வில்லைகளை நெய்யில் விட்டு, நாட்டுச் சர்க்கரை தூவி, அவை பொன்னிறமாகச் சுருங்கும்போது மேலே மாவை ஊற்றினாள். பட்டையும் ஏலக்காயும் நெய்யும் கலந்த வாசனை வேலி தாண்டிப் போயிற்று. வில்லை வெளியே தெரிய பேன்கேக்கைக் கவிழ்த்து எடுத்து, ஊறுகாய் பாட்டிலிலிருந்து தேனைச் சாய்த்தாள். திருமூர்த்தி ஒரு வாய் வைத்தார். சற்று நேரம் உலகத்தில் யாரும் எதுவும் பேச வேண்டாம் போலிருந்தது.

"தேன் பிரமாதம். எந்தக் கடை?" என்றார் பாலசுப்ரமணியன்.

"லோக்கல்தாங்க," என்றாள் வள்ளி. சாலிஹாவுக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

மூன்றாவது பேன்கேக் முடிந்ததும் திருமூர்த்தி ஊஞ்சல் அருகே போய் நின்று பேசினார். மரத்துக்கும் மனம் உண்டு என்றார். அதிர்வு என்றார். மனிதன் அமைதியானால் இயற்கை தானாகக் காய்க்கும் என்றார். "கண்ணை மூடுங்க பாலு. இப்ப கேக்கும் பாருங்க. உள்ள இருந்து."

பாலசுப்ரமணியன் கண்ணை மூடினார். தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார். ஒரு காதைப் பொத்தினார். பிறகு கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி ஷெட்டைக் காட்டினார். "உள்ள இருந்து இல்ல. அங்க இருந்து வருது."

யாரும் தடுப்பதற்குள் எழுந்து நடந்து ஷெட்டுக்குப் பின்னால் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் மெதுவாக, மிக மெதுவாக, பின்பக்கமாகவே நடந்து திரும்பி வந்தார்.

"திரு, உங்க ஓங்காரத்துக்கு நாலு காலும் ஒரு மூடியும் இருக்கு. வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்கு."

திருமூர்த்தி போய்ப் பார்த்தார். பார்த்தார் என்றால் ஷெட் மூலையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் நீட்டினார். ஆறு மாதமாக அவர் தொடாத புல் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், அவர் எந்தக் காலத்திலும் எட்டிப் பார்க்க மாட்டார் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரிந்த இடத்தில், ஒரு பெட்டி. அதன் வாசலில் தேனீக்கள் வெயிலில் நனைந்துகொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, யாரையும் லட்சியம் பண்ணாமல். பிடித்த ஷெட் சுவரை அவர் விடவில்லை. ஆனாலும், இது அழகாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

திரும்பி வந்தபோது எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இருபதாயிரம் தேனீக்களுக்கு நடுவே ஆறு மாதம் ஏமாளியாகக் குறட்டை விட்டேன் என்று பாலுவின் முன்னால் ஒப்புக்கொள்வதா? திங்கட்கிழமை ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிடும். சனிக்கிழமைத் தியானமும் அத்தோடு முடிந்தது. திருமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு முதல்லயே தெரியும்."

"அப்படியா?" என்றார் பாரூக்.

"பின்ன? நான்தான் வைக்கச் சொன்னேன். தேனீ இல்லாம ஆப்பிள் எப்படிக் காய்க்கும்? தேனீ கூட இருக்கறதுதான் பெரிய தியானம். சும்மா பாலு கண்டுபிடிக்கறாரான்னு பாத்தேன்."

வெண்பா வாயைத் திறந்தாள். வள்ளி அவள் வாயில் ஒரு துண்டு பேன்கேக்கை வைத்தாள்.

"நான் சொல்லல?" என்றாள் வள்ளி எல்லாரையும் பார்த்து. "இவருக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு ஈ பறக்குமா?"

திருமூர்த்தி பெருமையாக நிமிர்ந்தார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

"அண்ணே, இப்பத்தான் எனக்கு நிம்மதி," என்றாள் சாலிஹா. "எனக்கு வேலை கிடைச்சிருச்சு, இனிமே வர முடியாது. குளிர் வர்றதுக்குள்ள அதுங்களுக்குக் குடிக்கச் சர்க்கரைப் பாகு வைக்கணும், பெட்டியைத் திறந்து தேனீ மேல பேன் பிடிச்சிருக்கான்னு பாக்கணும். வாரம் ஒரு தடவை, காலை வெயில்ல. யாரு பாப்பாங்கன்னு கவலையா இருந்துச்சு."

"சனிக்கிழமை காலையிலதான் இவருக்கு வசதி," என்றாள் வள்ளி. "எப்படியும் தியானத்துக்கு இங்கதானே வர்றார்."

"பாகு நான்... வள்ளி, எனக்கு அதுக்கெல்லாம் டிரஸ் கிடையாதே," என்றார் திருமூர்த்தி. அந்த ஒரு சாக்கை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

வள்ளி உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை போட்ட தொப்பி, முழங்கைவரை கையுறை. வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. தொப்பைக்குக்கூட இடம் விட்டிருந்தது.

"இது எப்ப வாங்கினது?" என்று வலைக்குள்ளிருந்து கேட்டார்.

"மார்ச்லங்க," என்றாள் வள்ளி, அடுத்த பேன்கேக்கைத் திருப்பிப் போட்டபடி. "தேனீ கூடவே கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே, அன்னிக்குச் சாயந்தரம்."