பிராசஸர் மேல் பெயர் வெட்ட வேண்டாம்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.
1-8-2004, ஞாயிறு

மரியாதைக்குரிய மச்சான் அன்பழகன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கமலாவின் வீட்டுக்காரன் கோவிந்தசாமி வணங்கி எழுதுவது.

இங்கு நான், கமலா, சிவசங்கரி மூவரும் உடம்பளவில் சுகம். நெய்வேலியில் தாங்களும் சந்திரகலா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கமலா கேட்கச் சொன்னாள். அங்கே மழை உண்டா? இங்கே இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் முறைப்படி கேட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். சிவசங்கரியின் கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன் சீராகத் தாங்கள் வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த பிராசஸரை இன்னும் வாங்கவில்லை என்றால், தயவுசெய்து உடனே வாங்கவும். வாங்கிவிட்டீர்கள் என்றால், அதை எந்தப் பாத்திரக்கடைக்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதன் மேல் தங்கள் பெயரை வெட்ட வேண்டாம். இனிஷியல்கூட வேண்டாம். அது பிஸ்கட் அளவுதான் இருக்கும், ஆனால் பெட்டிக்கு மூளையே அதுதானாம். முழுக் கடிதத்தையும் படிக்க நேரம் இல்லாவிட்டால் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்துவிடுங்கள்.

படிக்க நேரம் இருந்தால் என் கஷ்டத்தையும் கேளுங்கள். சிவசங்கரி எம்.சி.ஏ. முடித்து வீட்டில் இருக்கிறாள் அல்லவா, முடித்த நாளிலிருந்து ஒரே பேச்சு, சென்னைக்குப் போகிறேன், வேளச்சேரியில் தோழிகளோடு ஹாஸ்டலில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் இருந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று. நான் மின்துறையில் காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன். எந்த வீட்டில் பிள்ளை வெளியூர் போய்விட்டது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரீடிங்கே சொல்லிவிடும். ஒரு அறையில் விளக்கு எரியாது, ஒரு விசிறி ஓடாது, பில் குறைந்துவிட்டது என்று அந்த வீட்டு அம்மா சந்தோஷப்படவும் மாட்டாள். இருப்பது ஒரே பெண். அவளைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது, இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதனால், "கம்ப்யூட்டர்தான உனக்கு வேணும்? வீட்டுக்கே வரும். நீ எங்கயும் போவ வேணாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் கடைக்குப் போய் விலை கேட்டேன். கேட்ட உடனே கடைக்காரர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். வீடு கட்டி முடித்த கையோடு அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? சிவசங்கரிதான், "முழுசா வாங்க வேணாம்பா. சாமான் சாமானா வாங்கி நாமளே சேத்துக்கலாம், பாதிதான் ஆவும்" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வைகாசியில் நம் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. நம் பக்கத்தில் கிரகப்பிரவேசத்துக்கு என்ன வரும் என்று தங்களுக்குத் தெரியாததா? எவர்சில்வர் குடம் வரும், மிச்சம் பேர் எல்லாரும் சுவர்க்கடிகாரம் கொண்டு வருவார்கள். வீட்டுக்கு எத்தனை சுவர் இருக்கிறது என்று எவனும் யோசிப்பதில்லை. அதற்குப் பதில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் சாமான் கொடுத்தால் என்ன என்று நானே வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்கோடு சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்கள். வந்தது என்ன தெரியுமா மச்சான்? மவுஸ், மவுஸ், மறுபடியும் மவுஸ். அப்புறம் இரண்டு வீட்டுக்காரர்கள் ஸ்பீக்கர் கொண்டு வந்தார்கள். மதர்போர்டு, ராம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னதை ஒருவரும் தொடவில்லை. என் அத்தை சின்னப்பாப்பா பந்தியில் வைத்தே கேட்டுவிட்டார்: "பொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கற சாமான நான் ஏன்டா குடுக்கணும்? நாளைக்கு நாலு பேரு வந்தா, இது சின்னப்பாப்பா குடுத்ததுன்னு கண்ணுல தெரிய வேணாமா?" அவர் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மலிவாக எங்கே எது கிடைக்கும் என்று அலைவதே என் பிழைப்பாகிவிட்டது. இழுத்து மூடப் போகிற ஒரு பிரௌசிங் சென்டரில் பழைய மானிட்டர் சல்லிசாகக் கிடைத்தது. வாசலில் வைத்து ஆரத்தி எடுத்த கமலா, அதன் கண்ணாடிக்கு நடுவில் பெரிதாகச் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டாள், துடைத்தால் அபசகுனமாம். ராம் என்கிற மெமரிச் சாமானைக் கடைசியில் நானேதான் வாங்கினேன். பக்கத்து வீட்டு அல்போன்ஸ் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அவருடைய தங்கை பாரிசிலிருந்து கொண்டு வந்த கீபோர்டு ஒன்றை, "பிரான்சு சாமான் முசியே, உன் பேரப்புள்ள வரைக்கும் உழைக்கும்" என்று பெரிய மனதோடு கொடுத்தார். உழைக்கத்தான் செய்யும், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துகளை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பெட்டி ஓடாவிட்டாலும் சிவசங்கரி வழக்கமான இடத்தில் விரல் வைத்துத் தன் பெயரைச் சும்மா தட்டிப் பார்த்தால், ஏ இருக்க வேண்டிய கட்டையில் க்யூ என்று எழுதியிருக்கிறது. அல்போன்ஸ் தினமும் மதில் மேல் தலையை நீட்டி, "எப்படிப் போவுது நம்ம கீபோர்டு?" என்று கேட்கிறார். நான் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுகிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்காக காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய பேண்ட்டுக்கும் மிக்சி ஜாருக்கும் நடுவில் கிடந்தது. கையோடு கொண்டு போயிருந்த டெஸ்டரை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. "பல்பு எரியறதுக்கா சார் இது?" என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார். பயந்துகொண்டேதான் வாங்கினேன். திருட்டுச் சாமானாக இருந்து போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று அன்று சோறு இறங்கவில்லை. தெரிந்த கம்ப்யூட்டர் கடை ஜோசப் ஆனந்த் மாட்டிப் பார்த்ததில் உள்ளே முழுக்க யாரோ ஒரு வெள்ளைக்காரம்மாவின் நாய்ப் படங்கள். நாய் கடற்கரையில் ஓடுகிறது, நாய் கேக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் கூட வந்திருந்த சிவசங்கரி அங்கேயே அழித்துவிட்டாள். அந்த அம்மாவிடம் வேறு படம் இருக்குமோ இருக்காதோ, எனக்கு மனசே ஆறவில்லை.

இதெல்லாம் சில்லறைக் கஷ்டம். பெரிய இடி என் பங்காளி கொளஞ்சி ரூபத்தில் வந்தது. மதர்போர்டு என்கிற, எல்லாச் சாமானையும் தாங்குகிற அந்தப் பெரிய பலகையை நான் கொடுக்கிறேன் என்று, கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு, அவன் ஒருவன்தான் முன்வந்தான். கடலூருக்குப் போய் நல்ல விலைக்குப் பேசி வாங்கி, தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, பழத்தோடு வைத்து, அவனும் அவன் மனைவி அஞ்சலாட்சியும் வந்தார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துணியை விலக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே கலங்கிவிட்டது. பாத்திரக்கடையில் குடத்துக்கும் அண்டாவுக்கும் பெயர் வெட்டுவார்களே, கிர்ரென்று சத்தம் போடுகிற அந்த மிஷினை வைத்துப் பலகை முழுக்க, ஒரு மூலை விடாமல், "கிரகப்பிரவேச அன்பளிப்பு, க. கொளஞ்சி – அஞ்சலாட்சி" என்று வெட்டியிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இனிஷியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூவும் போட்டிருந்தார்கள்.

நான் நம்பிக்கையை விடாமல் ஜோசப் ஆனந்திடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கரண்ட் போற கோடு அத்தனையும் அறுந்துபோச்சு சார். இது போர்டு இல்ல, கல்வெட்டு" என்றார். பிரியமாகக் கொண்டு வந்த பங்காளியிடம் இதை எப்படிச் சொல்வது? நானும் கமலாவும் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சிவசங்கரிதான் போட்டு உடைத்துவிட்டாள். "சித்தப்பா, பேரு வெட்டினதுல அது செத்துப்போச்சு." அவன் நம்பவே இல்லை. "பேரு வெட்டினா சாவறது என்னாமா சாமான்? எங்க ஊட்டு அண்டாவுல கல்யாணத்துல வெட்டின பேரு இன்னும் இருக்குது, அதுலதான் சோறு வேவுது" என்றான். ஜோசப் ஆனந்த் விளக்கிய பிறகு முகம் சுருங்கிப்போனான். ஒரு வாரம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. உறவு போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் மச்சான், நல்ல மனுஷன், மறுபடியும் கடலூருக்குப் போய்ப் புதுப் பலகை வாங்கி வந்துவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை, பெயர் எங்காவது இருக்க வேண்டும். ஜோசப் ஆனந்திடம் நான் வாங்கி வைத்திருந்த வெளிப்பெட்டியின் மேல் எழுதிக்கொள்ளச் சொன்னோம். கடைப் பெயர்ப்பலகை எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டி வந்து சிவப்புப் பெயிண்டில் எழுதி மஞ்சளில் நிழல் கொடுத்திருக்கிறான். பெட்டி பார்ப்பதற்கு வில்லியனூர் டவுன் பஸ் மாதிரி இருக்கிறது. பழைய பலகையைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஹாலில் மாட்டியிருக்கிறோம். அங்கே கடிகாரம் மாட்ட வேண்டாம் என்று ஒரு நிம்மதி.

ஆக, எல்லாச் சாமானும் வந்தாயிற்று, தங்கள் பிராசஸர் ஒன்றுதான் பாக்கி. வேறு யாரும் கொடுத்தால் முறையாகாது என்று கமலா பிடிவாதமாக இருக்கிறாள். இதற்கிடையில் சிவசங்கரி நடந்துகொள்வது எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் பிரௌசிங் சென்டருக்குப் போய்வருவாள். தடுப்புப் போட்ட அறையில் வயசுப் பெண் உட்காருவதா என்று தெருவில் ஒருவர் கேட்டதிலிருந்து நான் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. "மாமா எப்பப்பா வருவாரு?" என்று மட்டும் கேட்கிறாள். நேற்று பரணில் இருந்து சூட்கேசை இறக்கித் தூசி தட்டினாள். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்பா" என்கிறாள். யாராவது சும்மா சூட்கேசைத் தட்டுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் தாங்கள் வீராம்பட்டினம் தேருக்கு வரும் வரை காத்திருக்காமல் பிராசஸரை யாராவது நம்பகமான ஆள் மூலம் முன்கூட்டியே அனுப்பிவைக்கவும். பிறகு தேருக்கு வரும்போது, தாய்மாமன் என்ற முறையில் சிவசங்கரியை உட்கார வைத்து நாலு வார்த்தை புத்தி சொல்லவும். பாண்டிச்சேரியிலேயே எத்தனையோ வேலை இருக்கிறது, அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று சொல்லவும். ரத்தக்கொதிப்பு இதுவரை இல்லை. ஆனாலும் சொல்லவும்.

சந்திரகலா அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நம் குலசாமி எல்லாரையும் கண் திறந்து பார்க்கட்டும், முக்கியமாக என் வீட்டுப் பக்கம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
கோவிந்தசாமி

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் அலமாரி மேலேயே கிடந்துவிட்டது. அதற்குள் நேற்று மத்தியானம் தங்கள் நண்பர் பிராசஸரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பெயர் எதுவும் வெட்டவில்லை, தாங்கள் விவரமான ஆள் என்று கமலா பெருமைப்பட்டாள். சாயங்காலமே சிவசங்கரி தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினாள். கம்ப்யூட்டர் ஓடுகிறது மச்சான்! அல்போன்ஸ் மதில் ஏறி வந்து கை தட்டினார். டெலிபோன் ஒயரை எடுத்து அதில் சொருகினாள், கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது, ஏதோ படித்தாள், படித்துவிட்டு அழுதாள். சாமான் எரிந்துவிட்டது என்று நான் மெயின் ஸ்விட்சை அணைக்க ஓடினேன். அது இல்லை. போன மாதம் சர்டிபிகேட் வாங்கக் காலேஜுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய் ஒரு கம்பெனியில் பரீட்சை எழுதியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது என்ற கடிதம் கம்ப்யூட்டர் வழியாக எப்போதோ வந்து கிடக்கிறது, நான்தான் பிரௌசிங் சென்டருக்குப் போக விடவில்லையே, எடுத்துப் பார்க்க வழியில்லாமல் தவித்திருக்கிறாள். பதில் போடுவதற்கு நேற்றுதான் கடைசி நாளாம். என் கண்ணெதிரிலேயே, சம்மதம் என்று அனுப்பிவிட்டாள். மாதம் பிறந்தால் சென்னையில் சேர வேண்டும்.

நான் சத்தம் போட்டேன். "யாரக் கேட்டு அனுப்பின?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது மட்டும் இல்லன்னா வேலையே போயிருக்கும்பா. நீங்க அலைஞ்சு திரிஞ்சு வாங்கினதாலதாம்பா கெடச்சுது" என்றாள். நான் எழுந்து போய் அந்தச் சூட்கேசில் விட்டுப்போன தூசியைத் தட்டினேன். கமலா பலகாரம் செய்ய அரிசி ஊற வைத்துவிட்டாள். மச்சான், தேருக்கு வரும்போது சிவசங்கரியை ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குத்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரமாகவே வாருங்கள்.