முதல் வண்டியில் யார்?

"அப்போ நிரூபிச்சுக் காட்டு மாப்ளே!"

மாமனார் லெமுவேல் கேஜ் நீட்டிய முள்கரண்டியின் முனையிலிருந்த மாட்டிறைச்சித் துண்டு, ஆரின் தாக்ஸ்டரின் மூக்குக்கு மிக அருகில் வந்து நின்றது. பேசாமல் சாப்பிட்டிருக்கலாம் என்று ஆரினுக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்ம்ஃபோர்டில் இருபது வருடமாக இரும்புக்கடை நடத்துகிறான். ஊரில் பாதி வீடுகள் அவன் விற்ற ஆணியில்தான் நிற்கின்றன. ஆனால் பிறந்தது எட்டு மைல் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்காக மாமனார் ஒவ்வொரு ஞாயிறு விருந்திலும், "வெளியூர்க்காரருக்கு உருளைக்கிழங்கு வைங்கப்பா" என்பார். இன்று ரோஷம் பொங்கிவிட்டது. "எங்க தாக்ஸ்டருங்க வெள்ளைக்காரன் ராஜா காலத்திலேயே இந்த ஊர்ல இருந்தவங்க!" என்று அடித்துவிட்டான்.

"நாமளும் வெள்ளைக்காரங்கதாண்டா" என்றார் மாமனார். "ஊர்த் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம். ஊர்வலத்துல முதல் குதிரை வண்டி ஊரோட பழைய குடும்பத்துக்குத்தான். நிரூபிச்சா, அதுலேர்ந்து நான் இறங்கிக்கறேன், நீ ஏறிக்கோ. இல்லேன்னா, மண்வெட்டியோட குதிரைக்குப் பின்னாடி நடந்து வரணும். எதுக்குன்னு சொல்லணுமா?"

வேண்டியதில்லை. குதிரைகள் அந்த விஷயத்தில் தாராளம்.

"உனக்கு எதுக்கு இந்த வீறாப்பு?" என்றாள் மனைவி டீலியா, காரில்.

மறுநாள் ஊர் அலுவலகத்தில் எழுத்தர் டிர்ஸா பெல் பழைய பதிவுகளைப் புரட்டி, "இருக்கார்! சைலஸ் தாக்ஸ்டர், மனைவி, பிள்ளைங்க. வருஷம் 1742" என்றாள்.

ஆரின் வாசலுக்கு ஓடி டீலியாவுக்குப் போன் போட்டான். டீலியா முடிதிருத்தும் கடையில் இருந்தாள். ஆகவே மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தவனிடம் டிர்ஸா, "முழுசா கேட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றாள். "இது ஊரைவிட்டுப் போகச் சொன்ன உத்தரவு. அப்போல்லாம் ஏழைங்க குடிவந்தா, நாளைக்கு ஊர்தான் சோறு போடணுமேன்னு இப்படித் துரத்திவிடுவாங்க. அது மட்டும் இல்ல…"

மீதியைக் கேட்க ஆரின் அங்கே இல்லை.

பந்தயத்திலிருந்து கழன்றுகொள்ள ஒரே வழி, கால் சுளுக்கு. வீட்டுக்குள் நுழையும்போதே நொண்டினான். டீலியா உருகிப்போய் ஊன்றுகோல் வாங்கி வந்தாள். "நடக்கத்தானே முடியாது? வண்டியில உட்காரலாமே! உனக்குப் புதுத் தொப்பிகூட சொல்லிட்டேன்."

அவன் இன்னும் பலமாக நொண்டினான். இரும்புக்கடைக்கு வந்த மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"காலையில இடது காலு. இப்போ வலது காலா?"

"பரவுது மாமா."

"பரவுதா? ஜெயிச்சவன் ஏன்டா ஒளியறான்?"

அன்றைக்கே லெமுவேல் தன் மனைவி வினிஃப்ரெட்டுடன் ஊர் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனார். அங்கிருந்து வெளியே வந்தபோது சீட்டியடித்தாராம்.

திருவிழா நாள். வாத்தியக்குழு, கொடிகள், வறுத்த சோள வாசனை. முதல் வண்டியில் லெமுவேல் ஒலிபெருக்கியோடு எழுந்து நின்றார்.

"மகாஜனங்களே! என் மாப்பிள்ளையோட முப்பாட்டன் இந்த ஊர்ல இருந்தது உண்மைதான். போடா வெளியேன்னு ஊரே கூடித் துரத்தியிருக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வாத்தியக்குழுவில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் ஊதுகுழலில் ஊதிவிட, அது வேறு மாதிரி சத்தம் போட்டது. டீலியா தொப்பிப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வெளியூர்க்காரன், இன்னிக்கும் வெளியூர்க்காரன்!" என்றார் லெமுவேல். "எடுறா மண்வெட்டியை!"

ஆரின் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, காது சிவக்க மண்வெட்டியை எடுத்தான். குதிரை வாலைத் தூக்கியது.

அப்போதுதான் வண்டியில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினிஃப்ரெட் கையுறையைக் கழற்றினாள். அவளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள்தான். நாற்பது வருடமாக அந்த உருளைக்கிழங்கு வசனத்தை, முதலில் தன்னைப் பற்றியும் பிறகு மாப்பிள்ளையைப் பற்றியும், கேட்டுக்கொண்டே பரிமாறியவள். மெல்ல எட்டி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

"இறங்குங்க லெமுவேல். அன்னிக்கு ஊர் அலுவலகத்துக்குக் கண்ணாடி கொண்டுவராத உங்களுக்கு நான் பாதிதான் படிச்சுக் காட்டினேன். அந்த உத்தரவுல ரெண்டு குடும்பம். தாக்ஸ்டருங்க மரியாதையா கிளம்பிட்டாங்க, உங்க கேஜுங்கதான் இன்னும் கிளம்பலை."