பாடகியிடமிருந்து பாட்டைக் காப்பாற்றிய பிளேட்டு நைனா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிளேட்டு நைனா உயிரோடு இருந்தார். மசால்வடை சுற்றி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிற மனுஷர் அவர். வாரப் பத்திரிகையில் வந்தால் அவர் கண்ணில் படாமல் போகாது. இப்போது அவர் இல்லை. பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு பாடகிக்கு லட்சம் ரசிகர்கள் இருக்கலாம். அந்தப் பாடகியின் பாட்டை அந்தப் பாடகியிடமிருந்தே காப்பாற்றிய ரசிகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவள்ளூர் ரயிலடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்.

சைக்கிள் கடை என்று சொல்கிறேனே தவிர, அங்கே சைக்கிளுக்கு மரியாதை கிடையாது. சைக்கிள்கள் வெளியே மழையில் நனையும். உள்ளே ஒரு கிராமபோன் பெட்டி, பட்டுத்துணி போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் கடம்பத்தூர் ரைஸ்மில்லில் வேலை பார்த்தேன். தினமும் காலையில் அவரிடம்தான் சைக்கிள் எடுப்பேன். டயரில் காற்று இருக்காது.

"நைனா, கொஞ்சம் காத்து அடிச்சுக் குடுங்க. நேரமாச்சு."

"இரு தம்பி. பாட்டு ஓடிக்கினு கீது இல்ல? பம்பு சத்தம் குறுக்க வந்தா நல்லா இருக்குமா?"

பாட்டு முடிந்த பிறகுதான் காற்று. ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போட்டுவிட்டால் அன்றைக்கு நான் மில் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் போடுவது எல்லாம் ஒரே பாடகியின் இசைத்தட்டுகள்; பிளேட்டு என்போம் நாங்கள். பெயர் எழுதவில்லை, பெரிய இடத்து மனுஷி. சின்னப் பெண்ணாக இருந்தபோதே பக்திப் பாட்டுப் பாடி, சிவப்புச் சீட்டு ஒட்டிய பிளேட்டுகளாக வந்து, எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் எல்லாம் ஒலித்தவர். ஐம்பதுகளின் நடுவில் பெயரும் புகழும் வந்ததும் வேறு கம்பெனிக்கு மாறினார். புதுக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பழைய பாட்டுகளையே மறுபடி பாட வைத்தார்கள். பழசில் ஒரே ஓர் ஆர்மோனியம். புதுசில் வயலின், புல்லாங்குழல், என்னவோ மணியெல்லாம் வரும். சீட்டு நீலமாகிவிட்டது. ஊர் முழுக்க நீலத்துக்கு மாறியது. செவ்வாப்பேட்டையிலிருந்து பட்டணத்துக்கு ரயிலில் போகிறவர்கள்கூட புதுசைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

நைனா மட்டும் மாறவில்லை. மலையேறி சுவாமி தரிசனத்துக்குப் போகிற பாட்டு ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாதாடுவார்.

"பழசுல கேளு தம்பி. ரெண்டாவது அடிக்கு முன்னால அந்தப் பொண்ணு மூச்சு வாங்குது. மலை ஏர்றவன் மூச்சு வாங்குவானா மாட்டானா?"

"வாங்குவான்."

"புதுசுல மூச்சே இல்ல. அது மலை ஏறல. பல்லக்குல குந்திக்கினு போவுது."

இப்படியே போயிருந்தால் தெருவுக்கு ஒரு பேஜாரு என்று விட்டிருப்போம். பஜாரில் கடிகாரக் கடைக்காரர் ஒருவர் பிளேட்டும் விற்று வந்தார். அவர் ஒருநாள் பலகை மாட்டினார்: பழைய பிளேட்டு கொண்டுவந்தால் புதுப் பிளேட்டு சலுகை விலையில். நைனா போய் விசாரித்தார். நானும் கூட இருந்தேன்.

"பழசை வாங்கி இன்னா பண்ணுவீங்க?"

"மூட்டை கட்டி கம்பெனிக்கு அனுப்புவோம். அங்க உருக்கிப் புதுசு ஊத்துவாங்க."

"எத உருக்கி?"

"பழசத்தான் நைனா. இது அரக்குதானே?"

நைனா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தோம். "பொண்ணோட குரலை உருக்கி, அந்தப் பொண்ணு வாயிலியே ஊத்துறானுங்களா" என்று கேட்டார். கடிகாரக் கடைக்காரருக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று கம்பெனி சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து நைனாவுக்கு ஒரே வேலை. அந்தச் சிவப்புச் சீட்டுப் பிளேட்டுகள் உலையில் விழாமல் காப்பாற்ற வேண்டும். கேரியரில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சும்மா கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஆகவே பதிலுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தார். கூத்தைப் பாருங்கள், நீலச் சீட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர், ஜில்லாவிலேயே அதிகமான நீலச் சீட்டுப் பிளேட்டு வாங்கியவர் ஆனார். கம்பெனிக்காரர்கள் மகிழ்ந்துபோய், அந்த அம்மாவின் படம் போட்ட பெரிய காலண்டர் ஒன்றைக் கடிகாரக் கடை வழியாக அனுப்பி வைத்தார்கள். நைனா அதைத் திருப்பி, படம் சுவரைப் பார்க்கும்படி மாட்டினார். தேதி பார்க்க வேண்டுமானால் எதிர்க் கடைக்குப் போவார்.

அவரிடமிருந்த மலைப் பாட்டு தேய்ந்து தேய்ந்து வறுவல் சத்தம் வர ஆரம்பித்தது. நல்ல பிளேட்டு புதுவாயலில் மளிகைக் கடை வைத்திருந்த பழவேற்காட்டு பாய் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டார். விடியற்காலையில் கிளம்பி, பெரியபாளையம் வழியாக வெயிலில் மிதித்துப் போய்ச் சேர்ந்தார். மீதியை பாயே பின்னால் எனக்குச் சொன்னார்.

"வா நைனா, குந்து. நாஷ்டா துன்னியா?"

"நாஷ்டா கெடக்குது பாய். மலைப் பாட்டு பிளேட்டு உங்க ஊட்ல கீதா?"

"கீது. ஆனா அது என் பொஞ்சாதி பிளேட்டு. அவ குடுக்கமாட்டா."

"அவங்களுக்கு அந்தப் பாட்டு மேல இன்னா?"

பாயின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாராம். "சாமி உங்களுது, இருக்கட்டும். மூச்சு வாங்குறது எங்களுக்கும்தான். அடுப்படியில நிக்கிறவளுக்குத் தெரியும்."

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாதாடாமலே தன் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் இப்படி ஒப்பந்தம் ஆயிற்று. பிளேட்டு நைனாவிடம் இருக்கலாம். மாதம் ஒருமுறை புதுவாயலுக்குக் கொண்டுவந்து அந்த அம்மாளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நைனா ஒரு மாதம்கூடத் தவறவில்லை. தலையணை மேல் பிளேட்டு, பிளேட்டு மேல் பட்டுத்துணி. அதே கேரியரில் என்னை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனபோது பள்ளம் மேடு ஒன்றும் பார்க்கவில்லை.

அந்த வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு அந்தப் பாடகியே திருவள்ளூருக்கு வந்தார். தொண்டையில் ஏதோ தொந்தரவு, கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாக வேண்டுதல். எங்கள் பஜனை கோயில் கமிட்டியார் குளக்கரையிலேயே போய் நின்று, சாயங்காலம் எங்கள் பந்தலில் பாட வேண்டும் என்று கேட்டோம். நல்ல மனசு, ஒப்புக்கொண்டார். பிறகு, "இந்த ஊர்ல யாரோ என் பழைய பிளேட்டெல்லாம் சேத்து வெச்சிருக்காராமே. அவரைப் பாக்கணும்" என்றார்.

நான்தான் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டினேன். ரயிலடியில் கார் நின்றதும் நைனா கையில் கிரீஸோடு எழுந்தார். யார் வருகிறார் என்று புரிந்ததும் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வேட்டியிலேயே துடைத்துவிட்டார். ஸ்டூலைக் கழுவிப் போட்டார். அந்த அம்மா கேட்காமலே பெட்டிக்குச் சாவி கொடுத்து, புது முள் மாற்றி, மலைப் பாட்டை வைத்தார்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மூச்சு வாங்குகிற இடம் வந்தது. நைனா, வீட்டுப் பிள்ளை பாஸ் பண்ணின மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, இதையெல்லாம் எனக்குக் குடுத்துடுங்க."

"இன்னாம்மா அப்டி கேக்கறீங்க? உங்களுக்கு இல்லாததா? எத்தினி நாள் வெச்சு கேக்கணுமோ கேட்டுட்டு..."

"கேக்கறதுக்கு இல்ல. உடைக்கறதுக்கு."

நைனாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இதைப் பாடின அன்னிக்கு எனக்கு நல்ல ஜுரம்" என்றார் அந்த அம்மா. "இன்னொரு தரம் பாடறேன்னு கெஞ்சினேன். பழைய கம்பெனியில முடியாதுன்னுட்டாங்க. எங்கயாவது இதைப் போட்டா உடம்பு கூசிப்போகும். அதனாலதான் புதுசா பாடிக் குடுத்தேன். பழசை வாங்கி உருக்கச் சொன்னதும் நான்தான்."

தெய்வம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவர்தான் உலைக்கும் விறகு போட்டவர் என்று தெரிந்தால் பாவம் என்ன செய்வார்? நைனா பிளேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அம்மா, பாடுனது நீங்க. இல்லன்னு சொல்லல. கேட்டது நாங்க. இத்தினி வருசமா கேட்டுக்கினு கீறோம். புதுவாயல்ல ஒரு அம்மா இதுக்காக மாசம் பூரா காத்துக்கினு கீறாங்க. உங்களுக்குப் புடிக்கலன்னா நீங்க கேக்காதீங்க. எங்க பிளேட்டை இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

அந்த அம்மா கோபிக்கவில்லை. எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டு, "அவர் சாயங்காலம் வருவாரா?" என்று மட்டும் கேட்டார். முதல் வரிசையில் இருப்பார் என்று கமிட்டி சார்பில் நான் உறுதி கொடுத்தேன்.

சாயங்காலம் கூப்பிடப் போனால் கடை உள்ளே தாழ் போட்டிருந்தது.

"நைனா, கச்சேரிக்கு நேரமாச்சு."

"நான் வரல தம்பி. என்னை அங்க குந்த வெச்சுட்டு, பிளேட்டை எடுக்க டிரைவரை இங்க அனுப்புவாங்க."

"அதெல்லாம் செய்யமாட்டாங்க. வேணும்னா நான் இங்க காவல் இருக்கேன்."

"நீ கமிட்டி ஆளு. நீ அவங்க கட்சி."

பிளேட்டுகள் வைத்த டிரங்குப் பெட்டி மேல் அவர் உட்கார்ந்திருப்பது கதவு இடுக்கில் தெரிந்தது. அந்த டிரைவர் பந்தல் முன்வரிசையில், நைனாவுக்காக நான் துண்டு போட்டு வைத்திருந்த இடத்திலேயே, சுண்டல் பொட்டலத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

கச்சேரி பாதியில் கரண்ட் போனது. மைக் நின்றது. பெட்ரோமாக்ஸ் ஏற்ற ஆட்கள் ஓடினார்கள். அந்த அம்மா வயலின்காரரையும் புல்லாங்குழல்காரரையும் கொஞ்சம் இளைப்பாறச் சொல்லிவிட்டு, ஆர்மோனியத்தை மட்டும் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொன்னார். "சைக்கிள் கடைக்காரர் வந்திருக்காரா?" என்று கேட்டார். கூட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மலைப் பாட்டை ஆரம்பித்தார். பழைய மாதிரி. பிளேட்டில் இருந்தபடியே, ஒரு சின்னப் பெண் மூச்சிரைக்கப் படியேறுகிற மாதிரி. நான் எத்தனையோ உற்சவம் பார்த்தவன். பெருமாள் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

கமிட்டி ஆள் ஒருவர் ரயிலடிக்கு ஓடினார்.

"நைனா, பழைய மாதிரியே பாடறாங்க. சீக்கிரம் வாங்க."

உள்ளேயிருந்து பதில் வந்ததாம்: "டிரைவர் உன் பின்னாலதானே நிக்கிறான்? போகச் சொல்லு."

மறுநாள் காலையில் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றார்.

"தம்பி, நேத்து அந்தாளு வந்து கதவைத் தட்டினானே. நெஜமா? பழைய மாதிரியா பாடுச்சு?"

நான் விரத நாளில் பொய் சொல்வதில்லை. மற்ற நாளிலும் முடிந்தவரை இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. உள்ளேயிருந்து என் சம்சாரம் வந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா. வயலினு, புல்லாங்குழலு, மணி, எல்லாந்தான். புதுசு மாதிரியேதான் பாடினாங்க. எனக்குத் தூக்கமே வந்துட்டுது."

நைனா பெருமூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனே. எல்லாம் டிரிக்கு" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். அன்று முழுக்க அவர் ஊரில் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பார். யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. டீக்கடைக்காரர், கடிகாரக் கடைக்காரர், ஓடிப்போய்க் கதவைத் தட்டியவர்கூட, எல்லாரும் வயலின் என்றே சொன்னார்கள். அவர் கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சு ஒருவர் வாயிலிருந்தும் தவறி வரவில்லை. பிளேட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. எங்கே என்று எழுதமாட்டேன், அந்த டிரைவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.

படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். கடைசி அடி பாடும்போது நைனா மனசு மாறிப் பந்தல் ஓரமாக வந்து நின்றுவிட்டார் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். சேர்க்கத் தோன்றும். நானே அப்படி ஒருதரம் எழுதிப் பார்த்தேன். அவர் வந்து நின்றது நன்றாகத்தான் இருந்தது. மனசில்லாமல்தான் அந்த வரியை அடித்தேன்.