டாக்டர் திட்டவில்லை

"உட்காருங்க பாய். சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் சிவசண்முகம் கேட்டதும் மீரா முகைதீன் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவர் பல வருடமாக இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வருகிறார். டாக்டர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. "என்னவே?" என்பார். பதில் முடியுமுன் சீட்டு கைக்கு வந்துவிடும். "அடுத்த ஆளு!" அவ்வளவுதான். கெட்ட மனிதர் அல்ல. காலையிலேயே வாசலைத் தாண்டி நிற்கும் கூட்டம் அவரை அப்படி ஆக்கியிருந்தது.

இன்று அதே மனிதர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார்!

பேட்டை முகம்மது இப்ராஹிமிடமும் ஒரு டாக்டர் இப்படித்தான் திடீரென்று பாசமாகப் பேசினார். அடுத்த வெள்ளிக்கிழமை இப்ராஹிமின் உடலுக்கு ஜனாஸா தொழுகை நடந்தது.

"சாதா இருமல்தான் சார். துணித் தூசி. மருந்துத் தண்ணி தந்தா போதும், போயிருதேன்."

"என்ன அவசரம்? பைய சொல்லுங்க." டாக்டர் சிரித்தார். அந்தப் பற்களை மீரா முகைதீன் இதற்குமுன் பார்த்ததில்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"போன தடவை தந்த மாத்திரைய நான் தொடவே இல்லை சார்."

இதே வார்த்தைக்குச் சென்ற மாதம் ஒருவர் வாங்கிய வசவு தெருமுனை வரை கேட்டது. டாக்டரோ, "மறதி எல்லாருக்கும் வாரதுதானே பாய்" என்றார்.

மீரா முகைதீன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். ஒரு பொய்யையும் சேர்த்துப் போட்டார். "அதுக்குப் பதிலா பக்கத்து வீட்டுக்காரரோட பிரஷர் மாத்திரைய முழுங்கிட்டேன் சார்."

டாக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு, "சிஸ்டர், பாய்க்கு ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

"சார்... ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிருங்க சார்."

"நானா? நான் யாரையாச்சும் திட்டியிருக்கேனா? நீங்களே சொல்லுங்க சிஸ்டர்!"

நர்ஸ் முத்துராணி மேலே சுற்றிய மின்விசிறியை உற்றுப் பார்த்தார்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார். எடுக்கவே இல்லை. மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி இழுக்கச் சொன்னார்.

"மறைக்காம சொல்லுங்க சார். எனக்கு ஹயாத்து, ஆயுசு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

டாக்டர் திகைத்தார். "அது ஆண்டவன் கையிலல்லா இருக்கு பாய்?" என்றார், மிக மரியாதையாக.

முடிந்தது. மீரா முகைதீனின் உதடுகள் கலிமாவை முணுமுணுத்தன. இளைய மகள் ஷம்ஸியாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் மண்டபம்கூடப் பேசவில்லை.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டுமா?"

அந்தக் கேள்வியில் அவர் உடைந்துபோனார்.

"மூத்தவ ஃபஹ்மிதாவுக்கு ஒரு பய இருக்கான் சார், கைப்பிள்ளை. என் நெஞ்சுல கெடந்தாத்தான் தூங்குவான்." கைகூப்பிவிட்டார். "இது தூசி இல்லை சார். ரெண்டு மாசமா இருமுது. சாயங்காலமானா காய்ச்சல். கைக்குட்டையில ரத்தம் கண்டுச்சு. வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரவ சம்பந்தமே வேண்டாம்னுருவாவ. அதான் வீட்டுலயும் வாயைத் திறக்கலை. நான் மவுத்தாப் போனாலும் போறேன். பிள்ளைக்கு ஒட்டியிருக்குமா சார்?"

எவ்வளவு மிரட்டியிருந்தாலும் வந்திருக்காத உண்மையை ஒரு நாற்காலியும் ஒரு நல்ல வார்த்தையும் வெளியே கொண்டுவந்துவிட்டன.

டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு காணாமல் போனது.

"ரத்தமா? ரெண்டு மாசமா? அதை வச்சுக்கிட்டுப் பச்சப்பிள்ளைய நெஞ்சுல போட்டுத் தூங்க வச்சீராவே? அறிவிருக்கா உமக்கு? பேரன் எடுத்த மனுஷன்தானே நீரு!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் தாமாகவே ஒழுங்காக நின்றார்கள்.

மீரா முகைதீனின் கண்களில் நீர் பெருகியது. "அல்ஹம்துலில்லாஹ்! திட்டிட்டீங்க சார்! அப்ப நான் பிழைச்சுக்கிடுவேன்!"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை குரலில் செயற்கை இல்லை.

"சாவ மாட்டீரு வே. காசநோயா இருக்கலாம். இன்னைக்கே சளியைச் சோதிப்போம். அதுவாவே இருந்தாலும் மாத்திரைய விடாம சாப்பிட்டா குணமாயிரும். ஆனா பிள்ளையையும் வீட்டாளுங்களையும் உடனே பார்க்கணும். ஆஸ்பத்திரி ஜீப்புல வந்தா தெரு பேசும். சாயங்காலம் நானே பைக்குல வாரேன். யாராச்சும் கேட்டா, துணி எடுக்க வந்த ஆளுன்னு சொல்லும்."

மீரா முகைதீன் முகக்கவசம் கட்டிக்கொண்டு, சளி டப்பாவைப் பத்திரமாக ஏந்தியபடி வெளியேறினார். மரண தண்டனை ரத்தானவரைப் போல நடந்தார்.

அப்போதுதான் நினைவு வந்தவர் போல டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ சிஸ்டர், அந்தக் கத்து கத்திட்டேனே!"

முத்துராணி கையில் போனோடு நின்றிருந்தார்.

"அதை விடுங்க சார், டாக்டர்மாரு நோயாளிய எப்படி நடத்துதாவன்னு ஆராய்ச்சி பண்ண, நோயாளி மாதிரியே நடிச்சுக்கிட்டு ஒரு ஆளு இன்னைக்கு வருவாருன்னு பயந்துக்கிட்டே இருந்தோம்லா, அவரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாராம், நீங்க ஒருத்தரை 'எந்திரிச்சுப் போம்வே'ன்னு விரட்டினீங்களே, அவருதானாம்!"