என் இரத்தத்தில் மருந்து ஏறிய வெற்றிச் செய்தி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் இரத்தமும் நலம். தாங்களும் அக்காவும் நலம் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"மாத்திரையைத் தூக்கி எறிகிற மனிதனுக்கு வைத்தியம் எதற்கு?" என்று போன மாதம் எழுதியிருந்தீர்களே, அதை வாபஸ் வாங்கும் நேரம் வந்துவிட்டது. என் நுரையீரலில் பூஞ்சை பிடித்ததும், அதற்கான மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டோடு நான் ஒழுங்காக விழுங்கியதும் ஊரறிந்த விஷயம். ஆனால் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இரத்தம் எடுத்துப் பார்த்தால், இருக்க வேண்டியதில் கால் பங்குகூட இல்லையாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்படியே இருந்தா நுரையீரல்ல ஒரு பகுதிய வெட்டி எடுக்கணும்" என்றார். உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தோரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை புதைந்து கிடக்கிறதா என்று பூந்தொட்டியெல்லாம் கிளறினாள்.

எனக்கு வந்ததே கோபம். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியே ஓய்வுபெற்றவன் நான், என்னையே ஒரு இயந்திரம் குறைத்துக் காட்டினால் விடுவேனா? நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போய், "உங்க மெஷினுக்கு யாரு முத்திரை குத்தினது?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு மருந்து கலந்தது என்று முன்பே தெரிந்த ஒரு குப்பியை என் கண்ணெதிரே வைத்து ஓட்டினாள். நாங்கள் எடைக்கல் வைத்துப் பார்ப்பதுபோலத்தான். அச்சு அசலாக அதே எண் வந்தது. பிறகு அவள் என்னைக் கேட்டாள்:

"வேற என்ன சாப்பிடுறீங்க, சார்?"

"நெஞ்செரிச்சலுக்கு ராத்திரி ஒரு கரண்டி வெள்ளை மருந்து. வீட்டுக்காரம்மா ஊத்தித் தருவாங்க."

"அதான் சார் விஷயம். இந்த மாத்திரை கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும். அந்த மருந்து அமிலத்தையே அடக்கிடும்."

வெள்ளை மருந்தை அன்றே நிறுத்தினோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது: மருந்து வேண்டிய அளவுக்கு மேலேயே நிற்கிறது, கத்தி தேவையில்லை. உங்கள் தங்கை ஆஸ்பத்திரி நடையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அது வேறு விஷயம். ஆக, குற்றவாளி நானல்ல, கரண்டியும் கையுமாக நின்றது தங்கள் தங்கைதான். மன்னிப்புக் கடிதத்தை அடுத்த தபாலில் எதிர்பார்க்கிறேன். இரண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
அளவில் குறையாத
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். உள்ளே போய் வெள்ளை மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கவாட்டில் தேதிவாரியாக அவள் போட்ட பேனாக் கோடுகள். "ராத்திரி நான் ஊத்தினது இத்துனூண்டு. பகல்ல இந்த ரெண்டு விரக்கடை யாரு குடிச்சது? ஆபரேஷன் இல்லைன்னாங்களே, அது போதும்னுதான் பேசாம இருந்தேன்." சாப்பிட்டதும் வாய்க்கு இதமாக நான் குடித்த இரண்டு மடக்கை மருந்தாகவே நினைக்கவில்லை, மச்சான். கோடுகளை அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன். இம்மியும் பிசகில்லை. ஆகவே தாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். அதை எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.