காற்றை இறக்க மாட்டேன்

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையும் நானும் ஒரே கட்டடத்தில் நலமாக இருக்கிறோம். அவள் மூன்றாவது மாடியில், நான் தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில். உங்கள் முழங்கால் வலியும் உங்கள் அபிப்பிராயங்களும் முன்போலவே இருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் வந்த உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “இந்த வயசுல எதுக்கு மாப்ள இந்தக் கூத்து, பேசாம அந்த வண்டிய வித்துத் தொலைங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். விற்க மாட்டேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை, தவிர இந்தப் பாதாளத்தில் சிக்னலும் கிடையாது. ஆகவே முழுவதையும் எழுத்தில் வைக்கிறேன். நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். இடையில் பேச முடியாது.

அளவைத் துறையில் இருபத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்தக் கடைத் தராசு எத்தனை கிராம் பொய் சொல்கிறது, எந்த பெட்ரோல் பங்க் குழாய் லிட்டருக்கு எவ்வளவு முழுங்குகிறது என்று கண்டுபிடித்து முத்திரை குத்தியவன். இந்த வருடம் இயக்குநர் நாற்காலி காலியானபோது, எடைக்கல்லின் எந்தப் பக்கத்தில் முத்திரை குத்த வேண்டும் என்று நான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவனை அதில் உட்கார வைத்தார்கள். சரி, போகட்டும். பாராட்டு விழாவில் வாழ்த்துரை யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். ஏழு நிமிடம் பேசினேன், ஒரு வார்த்தையும் உண்மையில்லை, எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாளே இருபது நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஒரு பழைய வண்டியை வாங்கினேன். மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் ஓர் உப்பு வெளி இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்குக் கடை இல்லை, மின்கம்பி இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, இயக்குநர் இல்லை. அங்கே பத்து நாள் உங்கள் தங்கையோடு யார் தயவும் இல்லாமல் இருந்துவிட்டு வருவது என்று முடிவு. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவளை நான் அழைத்துப்போன தூரமான இடம் துறையின் முத்திரை முகாம்தான் என்று நீங்கள் நாலு பேர் முன்னால் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

வேலையை நான் அரைகுறையாகச் செய்யவில்லை. பின்சீட்டைக் கழற்றிவிட்டு இழுப்பறை அடித்தேன். இரண்டாவது பேட்டரி, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி, சேற்றில் சிக்கினால் வண்டியைத் தானே இழுத்துக்கொள்ளும் கம்பிவடச் சக்கரம், மணலில் டயர் காற்றைக் குறைக்க ஒரு கருவி, மறுபடி நிரப்ப ஒரு கம்ப்ரெஸர். கடைசியாகக் கூரைமேல் மடக்குக் கூடாரம், அதன் முதுகில் சூரியத் தகடு. கூடாரத்தைக் கடையிலேயே நான்கு பேர் தூக்கி வைத்துப் பூட்டினார்கள். அதோடு வண்டியின் உயரம் இருநூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். எங்கள் நிறுத்துமிடத்தின் வாசல் உத்திரம் இருநூற்றிருபது. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு கீறல் இல்லாமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன். துறையில் இப்படி ஓர் அளவை எடுக்க இன்னொருவன் பிறக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது.

அப்புறம்தான் பார்த்தேன், ஏற்றிய சுமையில் வண்டியின் பின்பக்கம் தொங்கிப்போயிருந்தது. ஸ்பிரிங் மெக்கானிக்கை வரவழைத்தேன். “சார், இந்த ஸ்பிரிங்க வச்சுக்கிட்டு உப்புக்காடு போனீங்கன்னா நடந்துதான் திரும்பணும்” என்றார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வந்து கனத்த ஸ்பிரிங் நான்கும் பெரிய டயர் நான்கும் மாட்டிக்கொடுத்தார். வண்டி யானை எழுந்து நிற்பது போல நிமிர்ந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். ஸ்பிரிங்கில் ஐந்து சென்டிமீட்டர், டயரில் மூன்று. இந்தக் கூட்டலை நான் செய்தது மறுநாள் காலை, உங்கள் தங்கை பையோடு முன்சீட்டில் உட்கார்ந்து சீட்பெல்ட்டும் போட்டுக்கொண்ட பிறகு, கூடாரத்தின் நெற்றி உத்திரத்தில் ‘டொக்’ என்று இடித்தபோது. இருநூற்று இருபத்தாறு. ஆறு சென்டிமீட்டர் அதிகம். ஆம், கூட்ட மறந்துவிட்டேன். இதை நானே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் சொல்லப்போகிறீர்கள்.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஏழு வருடத்துக்கு முன் பொதுக்குழுவில், அவருடைய வண்டி நிறுத்தும் கட்டம் மற்றவர்களுடையதைவிடப் பதினொரு சென்டிமீட்டர் அகலம் என்று டேப்பை விரித்துக் காட்டியவன் நான். அவருக்குப் பரிந்து பேசிய இரண்டாம் மாடிக்காரர் இருவரோடும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. செயலாளர் உத்திரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன சார், ஊர்ல இருக்கிற தராசுக்கெல்லாம் முத்திரை குத்துறவரு... வீட்டு வாசல அளக்கலையா?”

நான் இறங்கிக் கூடாரத்தில் கீறல் விழுந்ததா என்று பார்த்தேன்.

“ஒண்ணும் பெரிய விஷயமில்ல. டயர்ல கொஞ்சம் காத்த இறக்குங்க. ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா நாங்க நாலு பேர் உள்ள ஏறி உக்காந்துக்குறோம். வண்டி அமுங்கும், போயிரலாம்.”

அவர் சொன்னது பௌதிகப்படி சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த யோசனை எனக்கே அரை நிமிடத்தில் தோன்றியிருக்கும், அவர் முந்திக்கொண்டார். இனி நான் காற்றை இறக்கினால் அது அவர் இறக்கிய காற்று. “தேவையில்லை” என்று சொல்லி வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினேன். இது நடந்து பத்து நாள் ஆகிறது.

கூடாரத்தைக் கழற்றலாமே என்பீர்கள். எழுபது கிலோ, தூக்க நான்கு பேர் வேண்டும். வெளியாள் உள்ளே வந்து வேலை செய்யச் செயலாளர் கையெழுத்து வேண்டும். மெக்கானிக் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இல்லாததால் தப்பித்தோம். இக்கட்டடத்தில் நான் பேசும் நிலையில் உள்ளவர்களின் எண்ணிக்கை, உங்கள் தங்கையையும் சேர்த்து, ஒன்று. அவளும் அளந்துதான் பேசுகிறாள். தொட்டியில் தண்ணீரை ரொப்பினால் வண்டி இறங்காதா என்று கேட்டாள். ரொப்பினேன், ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. மிச்சம் ஐந்து. “காத்து இறக்குறதுக்குன்னே ஒரு கருவி வாங்கி வச்சிருக்கீங்களே, அத எப்பத்தான் எடுப்பீங்க?” என்றாள். அது மணலுக்கு, செயலாளருக்கு அல்ல என்றேன். தலையில் அடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஆகவே பயணத்தை இங்கேயே தொடங்கிவிட்டேன். காலை எட்டு மணிக்கு வண்டிக்கு வருகிறேன், இருட்டும்வரை இருக்கிறேன். சங்கத்தின் மின்சாரத்தில் ஒரு யூனிட்கூடத் தொடவில்லை. குளிர்பெட்டி என் பேட்டரியில் நான்கு டிகிரியில் ஓடுகிறது, உள்ளே ஒரு தக்காளி இருக்கிறது. சூரியத் தகடு தலைக்கு மேல் உள்ள குழல்விளக்கை மரியாதைக்காக ஏற்றுக்கொண்டு மீட்டரில் ஏதோ ஒரு புள்ளியைக் காட்டுகிறது. கூடாரம் பாதிக்கு மேல் விரிவதில்லை, மேல்தளம் இடிக்கிறது. போகிற வருகிறவர்கள் குனிந்து பார்த்து, “என்ன சார், உப்பு வெளி எப்படி இருக்கு?” என்கிறார்கள். அமைதியாக இருக்கிறது, நீங்கள் வரும்வரை அமைதியாக இருந்தது என்கிறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. உங்கள் தங்கையின் பை. அன்றைக்குத் தூக்கிவந்த பையை அவள் வீட்டு வாசலருகே வைத்திருக்கிறாள். சண்டை போடவில்லை. தினமும் காலையில் அதிலிருந்து ஒரு பொருளை எடுத்து அலமாரியில் திரும்ப வைக்கிறாள். முதல் நாள் ஸ்வெட்டர், மறுநாள் டார்ச். நேற்று அவள் அங்கே படிப்பதற்கென்று வாங்கிய புத்தகம். இன்று காலை எட்டிப் பார்த்தேன், ஒரு தொப்பியும் பல் துலக்கும் பிரஷும்தான் பாக்கி. விடுப்பில் பத்து நாள் இருக்கிறது. பையில் இரண்டு நாள்தான் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, “நீங்க உங்க கௌரவத்தோட போயிட்டு வாங்க. அதுக்குத்தான் ரெண்டாவது சீட்டு சரியா இருக்கும்” என்றாள். இந்த வாய் அவளுக்கு உங்கள் குடும்பத்திலிருந்து வந்தது.

இருந்தாலும் சொல்கிறேன், உத்திரம் இறங்கி வரட்டும், கட்டடம் இறங்கி வரட்டும், நான் வர மாட்டேன். வாழ்த்துரை படித்தாகிவிட்டது. ஒரு மனிதன் ஒரு வருடத்தில் ஒரு முறைதான் குனிய முடியும். வண்டியை விற்க மாட்டேன், காற்றை இறக்க மாட்டேன், அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், தங்களுக்கு என் மாறாத மனத்தாங்கலும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறை எடுக்கவும் குளிக்கவும் மேலே போய்விட்டுக் கீழே வந்தால் வண்டியைக் காணவில்லை. சாய்தளம் ஏறி ஓடினேன். வெளியே வெயிலில் நிற்கிறது, நான்கு டயரும் சப்பையாக. ஓட்டுநர் இருக்கையில் தலையில் தொப்பியோடு உங்கள் தங்கை. பின்னால் என் இழுப்பறைமேல் செயலாளர், அவள் கூப்பிட்டு வந்த மெக்கானிக், இரண்டாம் மாடிக்காரர் இருவர், ஊறுகாய் ஜாடியில் அடைத்தது போல. “செயலாளர்கிட்ட போய்க் கேட்டேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா பத்து நாளா காத்துக்கிட்டிருந்தேன்னு செருப்புகூடப் போடாம ஓடி வந்தாரு” என்றாள். உத்திரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்ததாம். இறங்கியவுடன் செயலாளரே கம்ப்ரெஸரை எடுத்துக் காற்று நிரப்பினார், அதைச் சரியாகவும் செய்தார். நான் நன்றி சொன்னதாக இரண்டாம் மாடிக்காரர்கள் பரப்பக்கூடும். தொண்டையைத்தான் செருமினேன்.

ஆகவே மேலே எழுதியதில் உங்கள் முழங்கால் வலியைத் தவிர மற்றதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்கள் பதிவாக வேண்டும். காற்றை இறக்கியவன் நானில்லை, அப்போது நான் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். தவிர, உத்திரத்தைத் தாண்டும்போது உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்களில் நான் இல்லை.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், வண்டி ஓடுகிறது. அதோ தபால் பெட்டி. “இறங்கிப் போட்டுட்டு வாங்க” என்கிறாள், எஞ்சினை நிறுத்தாமல். இறங்கினால் மறுபடி ஏற்றிக்கொள்வாளா என்று அவள் முகத்திலிருந்து கணிக்க முடியவில்லை. இக்கடிதம் உங்களுக்கு வந்து சேர்ந்தால், நான் துணிந்து இறங்கினேன் என்று அறிக.