தாலாட்டாகிப் போன கிண்டல் பாட்டு

பிள்ளை பெற்றவள் எதைப் பாடினாலும் தாலாட்டாகத்தான் வரும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். (சொல்லியிருந்தால், 'எனக்குமா?' என்று இன்னும் நான்கு பேரிடம் கேட்டிருப்பேன்.)

சரசக்காவும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனி. பாட்டுக் கட்டுவது அக்கா. கம்பெனி பஸ்ஸிலும் பண்டிகை மேடையிலும் கூடச் சேர்ந்து பாடுவது நான். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அக்காவுக்குக் குரல் இல்லை. குருபரப்பள்ளி பக்கம் அவர் ஊர்ப் பண்டிகையில், அவர் பாட்டுகளை நான் தனியாகப் பாட வேண்டியதாயிற்று. தன் பாட்டை இன்னொருத்தி குரலில் மட்டும் அக்கா கேட்கப்போவது அதுதான் முதல்முறை. கெடுத்துவிடக் கூடாதே என்று வீட்டில் ஓயாமல் பாடிப் பார்த்தேன், மகளைத் தூங்க வைத்தபடியே. அங்கேதான் வினை.

முன்வரிசையில் அக்கா, பக்கத்தில் அவர் கணவர் மாதப்பன் அண்ணன். அவரைக் கிண்டலடித்து அக்கா கட்டிய குத்துப் பாட்டைத்தான் முதலில் எடுத்தேன்.

"ஷிப்டு முடிஞ்சு வந்த மாமா
சோறு தின்னாம தூங்கலாமா..."

பாட்டு ஊர்ந்தது. என் கை மைக் கம்பியை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது. என் கணவர் மடியில் மகள் தூங்கியே விட்டாள். தப்பட்டைக்காரர் வேகமெடுத்துப் பார்த்துத் தோற்று, "கொழந்தை தூங்கிடுச்சும்மா, பாட்டையாவது எழுப்பு" என்றார். அது மைக்கில் விழுந்துவிட்டது. ஊரே சிரித்தது.

அக்காவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. கண்ணில் நீர். சத்தமே இல்லை.

பாட்டை நிறுத்தினேன். "அழாதீங்கக்கா... உங்க பாட்டைக் கெடுத்துட்டேன்க்கா" என்று மைக்கிலேயே அழ ஆரம்பித்தேன்.

மாதப்பன் அண்ணன் எழுந்து கத்தினார்: "அய்யோ, அவ சிரிக்கறாம்மா! ஆபரேசனுக்கப்புறம் அவ சிரிப்பு இப்பிடித்தான். நீ பாடு!"

அக்கா எழுந்து நின்று கைதட்டித் தாளம் போட்டார். அதன் பின்னால் ஓடி ஓடிப் பாடி முடித்தேன்.

அன்றிலிருந்து அக்காவின் தோள் குலுங்கினால் அண்ணன் கேட்பார்: "என்னாடி, ஒண்ணா ரெண்டா? சீக்கிரம் சொல்லு, அந்தப் பொண்ணு மைக்கைப் புடிச்சிடப் போவுது." ஒரு விரல் சிரிப்பு, இரண்டு விரல் அழுகை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் இந்தக் கதைதான் முதலில்.

போன மாதம் அக்கா ஒரு புதுப் பாட்டைக் கட்டிக் கொடுத்தார், கிண்டலே இல்லாத பாட்டு. எதிரில் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். தோள் வெகுநேரம் குலுங்கியது. அண்ணன் 'ஒண்ணா ரெண்டா' என்று கேட்கவில்லை. அக்காவே ஒரு விரலைக் காட்டினார்.